எங்கே பிரிந்தது

புதன்கிழமை காலை எட்டேகால். சோதனை அறைக்குள் நுழைந்ததுமே தன் தட்டு இடம் மாறியிருப்பதை அவள் பார்த்தாள்.

தட்டில் உடைந்த வில்லைகள் கிடந்தன. சட்டைப் பொத்தானை விடச் சற்றுப் பெரிய உலோக வட்டங்கள், ஒரு முகத்தில் வெள்ளைப் பூச்சு. அவள் விடுப்பில் இருந்தபோது யாரோ சோதித்துவிட்டு அப்படியே போட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் காய்ந்த டீக்கறை.

அந்தத் தொழிற்சாலையில் செயற்கை இடுப்பு மூட்டு செய்தார்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டின் மேல் தாள் கனத்துக்கு வெள்ளைப் பூச்சு. எலும்பில் இருக்கும் அதே உப்பு. எலும்பு அதைத் தன் இனம் என்று நம்பி, வளர்ந்து பற்றிக்கொள்ளும். பூச்சு உலோகத்தை விட்டுவிட்டால் தண்டு உள்ளே ஆடும். தொடையை மறுபடி அறுத்துத் திறக்க வேண்டும்.

விடுமா விடாதா என்று பார்ப்பது அவள் வேலை. தண்டுகளுக்குப் பூசும்போதே கூடவே சில வில்லைகளுக்கும் பூசி அனுப்புவார்கள். வில்லையின் வெள்ளை முகத்தில் ஓர் உலோகக் கட்டையைப் பசை வைத்து ஒட்டி, அடுப்பில் வைத்து இறுகவிட்டு, எந்திரத்தில் மாட்டி இழுப்பாள். எவ்வளவு விசைக்குப் பிய்ந்தது என்று எந்திரம் சொல்லும். எங்கே பிய்ந்தது என்று அவள் சொல்வாள். பூச்சுப் பிரிவில் அவளுக்குப் பிடுங்கி என்று பெயர். அவள் காதுபடவே கூப்பிடுவார்கள்.

பெயர் வைத்தது பூச்சுப் பிரிவின் தலைவி. இவளுடைய நாத்தனார், கணவனுக்கு நேர் இளையவள். வீடும் ஒன்றுதான். நாத்தனார் மாடியில், இவர்கள் கீழே, மாமியாரோடு.

மாமியார் இப்போது மருத்துவமனையில் இருந்தாள். நாளை காலை இடது இடுப்பில் அறுவை. விடுப்பு அதற்காகத்தான். ரத்தம், எக்ஸ்ரே, இதயம் என்று ஒவ்வொரு வாசலாகச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனது இவள். நாத்தனாருக்கு வேலை இருந்தது. அம்மாவுக்கு என்றே ஒரு பேட்ச் பூசிக்கொண்டிருந்தாள்.

அந்த வயதுக்குச் சிமென்ட் வைத்து இறக்கும் சாதாரணத் தண்டே போதும், அதற்குப் பூச்சே தேவையில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். மாமியார் கேட்கவில்லை. என் பொண்ணு பூசினது இருக்கும்போது எனக்கு எதுக்கு இந்தக் கொத்தனார் வேலை என்றாள். டாக்டர் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். வார்டு நர்ஸ் இவளைப் பார்த்து, நீங்களும் அங்கேதான் வேலையா என்று கேட்டாள். மாமியார் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"என் பொண்ணு செய்வா. இவ உடைப்பா. ரெண்டுக்கும் சம்பளம் தர்றாங்க."

நர்ஸ் சிரித்தாள். இவள் தலையணையைச் சரிசெய்யப் போனாள். மாமியார் கையைத் தட்டிவிட்டாள்.

இப்போது சோதனை அறையில் இவள் ஒரு வில்லையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்ப்பது அவள் பழக்கம். பிய்ந்த இடத்தில் உலோகம் தெரிந்தது. வெறும் உலோகம் மங்கலாக இருக்கும். இது தேன் தடவியதுபோல் மினுங்கியது.

அலமாரியிலிருந்து ஊதா விளக்கை எடுத்தாள். அந்த விளக்கில் பூச்சு மங்கிக் கிடக்கும், பசை நீலமாக எரியும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பிடித்தாள். உலோகத்தின் மேல் நீலம் திட்டுத்திட்டாக எரிந்தது. பசை இருக்கவே கூடாத இடம் அது.

குளிர்பெட்டியைத் திறந்தாள். சோதனைக்கு எடுக்க வேண்டிய பிலிம் பசைச் சுருள் உறை பிரிக்காமல் இருந்தது. குப்பைக்கூடையில் காலியான பசை ட்யூப்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

தர மேலாளரின் அறைக்குப் போனாள். எல்லாருக்கும் தலையாட்டுகிறவர் என்பதால் அவரை ஆமாம்சாமி என்பார்கள். சோதித்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றார். நீ இல்லையே, அவசரம் வேறு, நானே இறங்கிச் செய்தேன் என்றார். சொல்லும்போது சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பிலிமை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். அது குளிர் இறங்கவே நேரமாகும், ட்யூபும் பசைதானே என்றார். பதினைந்துக்குக் கீழே போகக் கூடாது, முப்பத்துநான்கு வந்திருக்கிறது, பிறகு உனக்கு என்ன கஷ்டம் என்றார்.

"முப்பத்துநாலு கோட்டிங்கோட பலம் இல்ல சார். பசையோட பலம்."

அவர் விளங்காமல் பார்த்தார். அவள் சொன்னாள். ட்யூப் பசை சூட்டில் தண்ணீராக ஓடும். பூச்சில் துளைகள் அதிகமாக இருந்தால் அதன் வழியே இறங்கி உலோகத்தையே பிடித்துக்கொள்ளும். மேசையில் போட்ட மெல்லிய தாளின் மேல் தண்ணீர்ப் பசையைக் கொட்டினால் தாளும் மேசையும் ஒட்டிக்கொள்வதுபோல. தாளைக் கிழிக்க முடியவில்லை என்றால் அது தாளின் கெட்டித்தனம் இல்லை. பிலிம் அப்படி ஓடாது. அதனால்தான் அதைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவது. ஒருவருடைய உடம்புக்குள் பூச்சைப் பிடித்துக்கொள்ளப் பசை கிடையாது.

ஆமாம்சாமி கழுத்தைத் தடவினார். பேட்ச் முழுக்கக் கிடங்கில்தான் இருக்கிறது, நிறுத்தி வைக்கலாம் என்றார். வெளியே போனது ஒன்றே ஒன்று, உன் மாமியாருக்கு. அதை நிறுத்த வேண்டுமானால் பூசினவளும் சோதிக்கிறவளும் சேர்ந்து வந்து சொல்லுங்கள் என்றார். குடும்பச் சண்டைக்குள் என்னை இழுக்காதே என்றும் சொன்னார்.

அவள் திரும்பி வந்து பிலிமை வெளியே எடுத்து வைத்தாள். பூச்சுப் பிரிவு அனுப்பியதில் உடைக்காத வில்லைகள் மிச்சம் இருந்தன. பிலிமை வட்டமாக வெட்டி, கட்டையை ஒட்டி, திருகுப் பிடியில் இறுக்கி அடுப்பில் வைத்தாள். காத்திருந்தாள். ஆறவிட்டாள். எந்திரத்தில் மாட்டி இழுத்தாள்.

டப்பென்று விட்டது. பதினொன்று.

அவளுக்கு மனம் குளிர்ந்தது. பிறகுதான் சக்கர நாற்காலி நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்பதை அவள் கவனித்தாள்.

அடுத்ததை இழுத்தாள். அதுவும் பதினொன்று. உலோகம் மங்கலாக, சுத்தமாகத் தெரிந்தது. பூச்சு முழுசாகக் கட்டையோடு வந்திருந்தது, பழத்தோல்போல.

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் முழுவதும் கேட்டான். அம்மாவிடம் இன்றைக்குப் போய் எதுவும் சொல்லாதே, பிரஷர் ஏறிவிடும் என்றான். நீ சொன்னால் அவள் கேட்கவும் மாட்டாள் என்றான். அது உண்மை. தங்கச்சி சொல்லட்டும், அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன் என்றான். மருத்துவமனைக்கும் பேசிப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து எழுத்தில் வர வேண்டும், இல்லையென்றால் நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள்.

பூச்சுப் பிரிவு பின்கட்டில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், பூச்சுத் தூளை உருக்கித் தெளிக்கும் சுடர் வெள்ளையாகப் பீறிட்டது. நாத்தனார் காதுமூடியோடு நின்றாள். ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். தீக்குச்சி என்று ஆட்கள் கூப்பிடுவதை அவள் ரசித்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

இவள் இரண்டு வில்லைகளை நீட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நாத்தனார் வில்லைகளை வாங்கவில்லை. சுடரை அணைக்கச் சொல்லிக் கை காட்டினாள். ஓசை அடங்கியது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேலை இடத்தில் அவள் இவளை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். இன்று கூப்பிடவில்லை.

"எத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தீங்க அண்ணி?"

இவள் வில்லைகளை நீட்டியபடியே நின்றாள்.

"நான் செஞ்சது எங்கம்மா உடம்புக்குள்ள போகுது. உங்களால அதைத் தாங்க முடியல. சந்தோஷமா இருக்கா இப்ப?"

"இருந்துச்சு" என்றாள் இவள். "நம்பரைப் பார்த்தப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுக்காக நம்பர் மாறாது."

ஆட்களில் ஒருவன் குழாயைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான். நாத்தனாரின் முகம் கறுத்தது. அவள் எதிர்பார்த்தது மறுப்பு. அதற்கான பதில்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"நீங்க பிலிமைச் சரியா ஒட்டியிருக்க மாட்டீங்க. வேணும்னே."

"அப்ப நீ வந்து ஒட்டு."

"என் வில்லையை நானே எடுத்துட்டு வருவேன்."

"எடுத்துட்டு வா."

"உங்க கை படக் கூடாது."

"படாது."

நாத்தனார் தன் பெட்டியிலிருந்து வில்லைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். சோதனை அறைக்குள் அவள் வருவது அபூர்வம். கட்டைகளைத் தானே தேய்த்தாள், அசிட்டோனில் தானே கழுவினாள். பிலிமை வெட்டும்போது கத்தரி கோணியது. மறுபடி வெட்டினாள். இவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். பிடியின் திருகை நாத்தனார் பலமாகத் திருகினாள். அவ்வளவு இறுக்கினால் பசை பிதுங்கிவிடும் என்று இவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாத்தனாரே தளர்த்தினாள்.

அடுப்பின் கதவு மூடியது. இனி பசை இறுகும்வரை செய்ய எதுவும் இல்லை.

அறையில் நாற்காலி இரண்டுதான். ஒன்று எந்திரத்தின் முன்னால், ஒன்று அடுப்பின் பக்கத்தில். இருவரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு.

நாத்தனார்தான் ஆரம்பித்தாள். அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன், தூக்குகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்களே என்றாள். தெருவில் யாரிடம் சொன்னேன் என்று இவள் கேட்டாள். சொல்லாமலா பக்கத்து வீட்டுக்காரி என்னை நிறுத்தி, மாடியில்தானே இருக்கே, இறங்கி வர மாட்டியா என்று கேட்டாள் என்றாள் நாத்தனார். அவளுக்கே கண் இருக்கிறது என்றாள் இவள். மாடியிலிருந்து சாம்பார் மட்டும் இறங்கி வருகிறது, ஆள் வருவதில்லை என்றாள். அந்தச் சாம்பாரைத்தான் அம்மா சாப்பிடுகிறாள், உங்களுடையதை வாயில் வைக்க முடியவில்லை என்றாள் நாத்தனார். அதுவும் உண்மைதான். இவள் அடுப்பின் முள்ளைப் பார்த்தாள்.

"போன மாசம் அவங்க குளியலறையில வழுக்குனப்ப யாரு பிடிச்சா?" என்றாள் இவள்.

"பிடிச்சதுல கை கன்றிப் போச்சுன்னு சொன்னாங்க."

"விட்டிருக்கணும்."

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். இவள் திரும்பவில்லை. அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. ஆமாம்சாமி கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.

"அந்த ஆளுக்கு என்ன வேணுமாம்?" என்றாள் நாத்தனார்.

"யார் ஜெயிக்கிறாங்கன்னு பாக்கணும். அந்தப் பக்கம் ஆமாம் போட."

நாத்தனாரின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. அவள் அதை உடனே கடித்து நிறுத்தினாள்.

ஆறியதும் வில்லைகளை அவளே எடுத்தாள். எந்திரத்தில் மாட்டத் தெரியவில்லை. இவள் எழுந்து வந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, விரலால் இடத்தை மட்டும் சுட்டினாள். நாத்தனார் மாட்டினாள். பொத்தானை அவளே அழுத்தினாள்.

எண் ஏறியது. ஐந்து. ஏழு. ஒன்பது.

டப்.

நாத்தனார் திரையைப் பார்த்தபடி நின்றாள். அடுத்ததை மாட்டினாள். அது பத்தில் விட்டது. மூன்றாவதை மாட்டவில்லை.

"பிலிம் கெட்டுப்போயிருக்கும்."

"உறை பிரிக்காத சுருள். நீயேதான் வெட்டின."

"அடுப்புச் சூடு தப்பா இருக்கும்."

ஆமாம்சாமி உடைத்த வில்லைகள் இருந்த தட்டை இவள் மேசையின் நடுவுக்குத் தள்ளினாள். பக்கத்தில் ஊதா விளக்கை வைத்தாள். போய் அறை விளக்கை அணைத்தாள்.

இருட்டில் நீலம் எரிந்தது. நாத்தனார் ஒரு வில்லையை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோனாள். நெடுநேரம் பார்த்தாள். இவள் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

"சல்லடை மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார். அவள் குரல் இவளிடம் பேசுவதுபோல் இல்லை.

இவள் விளக்கைப் போட்டாள்.

நாத்தனார் உட்கார்ந்தாள். காதுமூடி இன்னும் கழுத்தில் தொங்கியது. சுடர் வருகிற மூக்கு தேய்ந்திருந்தது என்றாள். தேய்ந்தால் சுடர் பரவிவிடும், தூள் சரியாக உருகாது, உருகாத மணிகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து நடுவே துளை விடும். மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் அன்றைக்குப் பூச முடியாது, அறுவைத் தேதிக்குத் தண்டு போய்ச் சேராது, டாக்டர் சிமென்ட் வைத்துவிடுவார். ஒரு பேட்ச் தாங்கும் என்று நினைத்தேன் என்றாள். மேசையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள்.

பிறர் அம்மாவுக்கு என்றால் மாற்றியிருப்பாள். அது இருவருக்கும் தெரிந்தது. இவளுடைய நாக்கு நுனியில் அந்த வாக்கியம் முழுசாக வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள். நல்ல மனதால் அல்ல. வேலை முடியவில்லை.

"போன் பண்ணு" என்றாள்.

"ஆமாம்சாமிகிட்ட முதல்ல போய்..."

"அந்த ஆள் எழுதி, மேல கையெழுத்து வாங்கி, அது அங்க போய்ச் சேர்றதுக்குள்ள உங்கம்மாவை உள்ள தள்ளிட்டுப் போயிடுவாங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எனக்குச் சிமென்டே போதும்னு."

"நீங்களே சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா அதுக்காகவே போட்டுக்குவாங்க."

நாத்தனார் போனை எடுத்தாள். கை முழுக்கப் பசையும் வெள்ளைத் தூளும். திரையில் விரல் பதியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். அழைக்கும் பொத்தானுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வெளியில போங்க அண்ணி."

"எதுக்கு?"

"எங்கம்மாகிட்ட நான் தனியாப் பேசணும்."

"பேசு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்க நின்னா எனக்குப் பேச வராது."

இவள் கதவைப் பார்த்தாள். பத்தடி தூரம். நான் போன பிறகு, உடம்பு எப்படி இருக்கும்மா, நல்லாத் தூங்கு, காலையில வர்றேன் என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாள். தேய்ந்த மூக்கை ஒரு பேட்ச் தாங்கும் என்று நினைத்தவள்தானே.

"மாட்டேன்" என்றாள்.

"என்மேல நம்பிக்கை இல்ல."

"இல்ல."

நாத்தனார் மூச்சை இழுத்து விட்டாள். போனை மேசையில் வைத்தாள், உடைந்த வில்லைகளின் நடுவில். ஒலிபெருக்கியை அழுத்தினாள். கேட்டுக்கோங்க, முழுசாக் கேட்டுக்கோங்க என்றாள். அழைப்பு போயிற்று.

மாமியார் உடனே எடுத்தாள். வார்டின் டிவி சத்தம் பின்னால் கேட்டது. சாப்பிட்டியா என்றாள். ராத்திரிக்குப் பிறகு தண்ணீர்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், என் பொண்ணு செஞ்ச காலைப் போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறி வந்து உன் வீட்டுல சாப்பிடுறேன் பாரு என்றாள். நாத்தனார் கண்ணை மூடினாள்.

"அம்மா, டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும் நீ. அவர் முதல்ல சொன்னாரே, சிமென்ட் வச்சுப் போடுறது. அதையே போடச் சொல்லிடு."

"ஏன்?"

"அதுவே போதும்மா உனக்கு."

"உன்னோடதுக்கு என்ன கேடு?"

நாத்தனார் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"என்னோடது சரியா வரலம்மா. நானே சோதிச்சுப் பார்த்துட்டேன். என் கையால."

டிவியின் ஓசை நின்றது. மாமியார் அணைத்திருக்க வேண்டும். படுக்கையின் கம்பி கிறீச்சிட்டது. எழுந்து உட்கார முயல்கிறாள், துணைக்கு ஆளில்லாமல். இவளுடைய கை தன்னையறியாமல் முன்னால் நீண்டது. முழங்கை தட்டில் பட்டது. ஒரு வில்லை உருண்டு, மேசையிலிருந்து தரையில் விழுந்து, கணீரென்று ஒலித்துச் சுழன்று அடங்கியது.

நாத்தனார் இவளைப் பார்த்தாள். இவள் அசையவில்லை.

போனுக்குள் நீளமாக ஒரு மூச்சு.

"அவ அங்க பக்கத்துல நிக்கிறாளா?"